மாமனாருக்குக் கட்டிய பிரீமியம்

சேகர்,

நீ உன் மாமனாருக்கும் மாமியாருக்கும் மெடிக்ளெய்ம் பாலிசி எடுத்து, உன் செக்கைக் கொடுத்து முதல் வருஷப் பிரீமியத்தைக் கட்டிவிட்டாய். எனக்கும் உன் அம்மாவுக்கும் கட்டவில்லை. நடந்தது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நான் ஒன்றரை மாதமாக வயிறெரிந்துகொண்டிருக்கிறேன். பொறாமை என்று சொல்ல வாய் வரவில்லை என்பதால் இத்தனை நாளும் அதற்கு வேறு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன். மரியாதைக் குறைவு என்றேன், முறை தெரியாத பிள்ளை என்றேன். எதுவும் பொருந்தவில்லை. போன வாரம் நீ பெங்களூரிலிருந்து போனில், "உங்களுக்கு என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்லவே மாட்டேங்கறீங்கப்பா. எழுதியாவது அனுப்புங்க, நான் பண்றேன்" என்று சொல்லி வைத்தாய் அல்லவா, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நாற்பது வருஷ வியாபாரத்தில் பில்லும் ரசீதும் தவிர நான் எதையும் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. சுமதியும் இதைப் படிக்கலாம். அவள் அப்பாவிடம் படித்துக் காட்டினாலும் ஆட்சேபணையில்லை. அவரைப் பற்றியும் எழுதப்போகிறேன், முதுகுக்குப் பின்னால் எழுதினதாக இருக்க வேண்டாம்.

எனக்குச் செய்தி எப்படித் தெரிந்தது என்று நீ கேட்கவேயில்லை. பிப்ரவரியில் ஒரு காலை நேரம். மண்டி மொஹல்லாவில் நம் கடை வாசலில் தாவணகெரே லோடு இறங்கிக்கொண்டிருந்தது, நான் கட்டுக் கட்டாகச் சாக்கை எண்ணிக்கொண்டிருந்தேன். சாக்குத் தைக்கிற கௌரம்மா ஊசியைத் தலைமுடியில் குத்திக்கொண்டு, "யஜமான்ரே, நிம்ம பீகரு பந்த்ரு" என்று குரல் கொடுத்தாள். திரும்பினால் சம்பந்தி, உன் மாமனார். சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து வருகிறார். அந்த அரக்கு நிற ஸ்வெட்டர் போட்டிருந்தார். நீ வாங்கிக் கொடுத்தது. அதைப் பார்த்ததுமே எண்ணின கணக்கு எனக்கு விட்டுப்போயிற்று.

உட்காரச் சொன்னேன். டீ வரவழைத்தேன். மனிதர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார், கல்யாணப் பத்திரிகையை எடுப்பது மாதிரி இரண்டு கையாலும். "இதைப் பாருங்க சம்பந்தி. மாப்பிள்ளை கட்டியிருக்காருங்க. சுமதி வந்து, 'அப்பா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, கேள்வி கேக்காதீங்க'ன்னா. போட்டேன். இப்பத்தான் தபால்ல வருது." நான் உறையை வாங்கிப் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் காகிதத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். "எவ்வளவுக்குங்க?" என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன். "எனக்கு ஐம்பதாயிரம், அவளுக்கு ஐம்பதாயிரம். மில்லுல இருந்தவரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவு அவங்க பார்த்துக்கிட்டாங்க. ரிடையர் ஆனப்புறம் காய்ச்சல் வந்தாக்கூட பயமாத்தான் இருந்துச்சு" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மனிதர் பார், மேலே ஒன்று சொன்னார்: "உங்களுக்கு இதைவிடக் கூடத்தான் போட்டிருப்பாரு. பெத்தவங்க ஆச்சே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாங்க, எங்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம்" என்றேன். கௌரம்மாவுக்குத் தமிழ் புரியும். அவள் தைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். சம்பந்தி முகத்தில் பொறாமை எதுவும் இல்லை. "அப்படித்தான் இருக்கணும்" என்று சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. லட்சம் என்று சொல்லியும் அந்த ஆளைக் கொஞ்சங்கூடக் கலக்க முடியவில்லையே என்று.

அவர் மேல் எனக்கு இது இன்றைக்கு வந்ததல்ல. உன் கல்யாணம் ஆன நாளிலிருந்து கணக்குப் பார்த்துக்கொண்டு வருகிறேன். மாதம் ஒரு ஞாயிறு நீங்கள் மைசூர் வருகிறீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் நம் வீடு கிட்டே, அவர் இருக்கிற சரஸ்வதிபுரம் தூரம். ஆனால் ஆட்டோ முதலில் சரஸ்வதிபுரம் போகிறது. கேட்டால், "அங்க டிபன் ரெடியா இருக்கும்ப்பா" என்கிறாய். இங்கே என்ன, அடுப்பு இல்லையா? அங்கே போனால் அவரோடு உட்கார்ந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிறாய், அவருடைய சைக்கிளுக்கு எண்ணெய் விடுகிறாய், தரையில் படுத்துத் தூங்குகிறாய் என்று சுமதியே உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நம் வீட்டில் நீ தரையில் படுத்து நான் பார்த்ததில்லை. இங்கே வந்தால் நாற்காலியில், பாங்கு மேனேஜரைப் பார்க்க வந்தவன் மாதிரி நுனியில் உட்காருகிறாய். உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள், "நீங்க மேனேஜர் மாதிரி இருந்தா அவன் வேற எப்படி உட்காருவான்?" என்றாள். அவளுக்கு உன் பக்கம் பேசுவதென்றால் வெல்லம்.

சரி, ஜனவரிக்கு வருகிறேன். நீ சொல்லக்கூடும், "உங்களிடம்தானே முதலில் கேட்டேன்" என்று. கேட்டாய், மறுக்கவில்லை. பொங்கலுக்கு அடுத்த நாள், சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாய். "அப்பா, ஆபீஸ்ல வரிக்கு ப்ரூஃப் கேக்கறாங்க. நீங்களும் அம்மாவும் என்னைச் சார்ந்து இருக்கறதா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா, உங்க ரெண்டு பேருக்கும் மெடிக்ளெய்ம் நான் கட்டறேன். எனக்கு வரியும் மிச்சம் ஆகும்." இந்தக் கடைசி வாக்கியம் முடிவதற்குள் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யார்றா யாரைச் சார்ந்து இருக்கறது? இந்தக் கடையில எட்டுப் பேர் என்னைச் சார்ந்து சாப்பிடறாங்க. நான் வரி கட்டறவன். உன்னைச் சார்ந்து இருக்கேன்னு நான் எழுதித் தரணுமா?" என்று கத்தினேன். உன் அம்மா சமையலறை வாசலில் நின்றபடியே, "எனக்கு ஒண்ணும் கௌரவம் குறையாது, நான் போடறேன் கையெழுத்து" என்றாள். அவளையும் அதட்டினேன். நீ காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அடுத்த மாதம் சம்பந்தி கையில் பாலிசி.

ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் கத்தினது தப்பு, கையெழுத்துப் போடாதது தப்பில்லை. எனக்குக் கடை ஓடுகிறது, வருமானம் இருக்கிறது. உன்னைச் சார்ந்திருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். வரி ஆபீஸில் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டால், என்றைக்கோ ஒரு நாள் எவனோ ஒருத்தன் அதை எடுத்து உன் முகத்துக்கு முன்னால் பிடிப்பான். யார் கேட்டாலும் எழுதித் தராதே, எழுதி வாங்காதே. சம்பந்தியிடம் வாயால் ஒரு லட்சம் என்று சொன்னேனே, அந்தப் பொய்யே ஒன்றரை மாதமாக என்னை விடவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நானும் உன் அம்மாவும் ஒரு காலத்தில் மெடிக்ளெய்ம் வைத்திருந்தோம். நீ காலேஜில் இருந்தபோது நாலு வருஷம் ஒழுங்காகக் கட்டினேன். ஏஜெண்ட் வீட்டுக்கே போய், புது நோட்டாகப் பார்த்து எடுத்து, எண்ணிக் கையில் கொடுத்தேன். மண்டியில் எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். செக் கொடுக்கிறவன் என்றால் ஒன்று அவனிடம் பணமில்லை, இல்லை எதிராளியை நம்பவில்லை. ரொக்கம் கொடுக்கிறவனுக்குத்தான் மரியாதை. இன்ஷூரன்ஸுக்கும் அதே மரியாதையைக் கொடுத்தேன். நாலாம் வருஷம் ஆடிட்டர் மாறினார். கணபதி கோயில் தெருவில் மாடியில் இருக்கிறாரே, அவர். ரசீதுகளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் சார், எல்லாம் ரொக்கமா கட்டியிருக்கீங்களே. வருமான வரிச் சட்டம் எண்பது டி-யில விலக்கு வேணும்னா செக்காத்தான் கட்டணும். இது ஒண்ணுக்கும் ஆகாது." பழைய ஆடிட்டர் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை, எனக்குச் சொல்லவும் இல்லை. நாலு வருஷமும் போச்சு.

அப்போது புத்தியுள்ளவன் என்ன செய்திருப்பான்? அடுத்த வருஷம் செக் எழுதியிருப்பான். நான் பாலிசியையே நிறுத்திவிட்டேன். வரி மிச்சமாகாத பிரீமியம் எதற்கு, இந்த நாலு வருஷத்தில் ஒரு ஊசியாவது போட்டுக்கொண்டோமா என்று கேட்டேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து அவளுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன். உனக்கு அப்போது பரீட்சை, சின்ன ஆபரேஷன், இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று போனில் சொன்னேன். இன்ஷூரன்ஸ் இல்லை. முழுக்கக் கையிலிருந்து கட்டினேன். கட்ட முடிந்தது, அது வேறு விஷயம். கட்டிலில் படுத்துக்கொண்டே உன் அம்மா கேட்டாள், "பாலிசி இருக்குமே?" நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள், தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். "வரி குறையலைன்னு நிறுத்தினீங்களா? இப்ப என் வயிறு கட்டுது பாருங்க வரி" என்றாள். இதுவரை அவள் உன்னிடம் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

அதனால் உனக்குச் சொல்கிறேன். செக்காகவே கட்டு. முடிகிற தேதிக்கு முன்னாலேயே கட்டு, ஒரு நாள் தவறினாலும் புதுசாக ஆரம்பிக்கிற மாதிரிதான். வரி குறைகிறதா என்பது இரண்டாவது கேள்வி. நான் அதை முதல் கேள்வியாக வைத்துக் கெட்டவன்.

ஆனால் என் பொறாமைக் கதை இன்னும் முடியவில்லை. இந்த மாதம் நடுவில் கணக்கு முடிக்க ஆடிட்டரிடம் போனேன். கடைக் கணக்கெல்லாம் பேசி முடித்துவிட்டு, ஊரில் யாரோ கேட்டது மாதிரி கேட்டேன்: "சார், ஒருத்தன் மாமனார் மாமியாருக்கு மெடிக்ளெய்ம் கட்டறான். அவனுக்கு விலக்கு உண்டா?" அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கிடையாது. தனக்கு, பெண்டாட்டிக்கு, தன்னைச் சார்ந்த அப்பா அம்மாவுக்கு, சார்ந்த பிள்ளைங்களுக்கு. அவ்வளவுதான். மாமனார் சட்டத்துல இல்லை." இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மாமனார் சட்டத்தில் இல்லை! படியிறங்கும்போது எனக்கு முட்டி வலி தெரியவில்லை. என் மகன் ஏமாந்துவிட்டான், அவன் கட்டின பணத்துக்கு ஒரு ரூபாய் வரி குறையாது, அப்பனை விட்டு மாமனாருக்குக் கட்டினவனுக்கு அரசாங்கமே சரியான பாடம் சொல்லிவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். தேவராஜ மார்க்கெட்டுக்குள் போய் நஞ்சன்கூடு ரசபாளெ வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன், பேரம் பேசாமல். பழக்காரன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "என்ன விசேஷம், பழமெல்லாம்?" என்றாள். "உன் மகன் நஷ்டப்பட்டிருக்கான்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் போட்டேன். குரலை வருத்தமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டேன். "ஏம்பா, மாமனாருக்குக் கட்டினியாமே. அதுக்கு வரி விலக்கு கிடையாதாம்ப்பா. ஆடிட்டர் சொல்றார். தெரியாம பண்ணிட்டியோ?" என்றேன். நீ சாதாரணமாகச் சொன்னாய்: "தெரியுமேப்பா. நான் அதை ஆபீஸ்ல காட்டவேயில்லை. அவருக்குக் கட்ட வேற யாரும் இல்ல, அதான் கட்டினேன்." அதற்கப்புறம்தான் நான் நாலைந்து நிமிஷம் வேறு ஏதோ பேசினேன், மழை, லோடு, பிளாஸ்டிக் சாக்கு வந்து நம் வியாபாரம் படுத்துவிட்டது என்று. நீ பொறுமையாகக் கேட்டாய். பிறகு அந்த வார்த்தையைச் சொன்னாய், எழுதியாவது அனுப்புங்கள் என்று.

சேகர், என் பொறாமை எதில் என்று போனை வைத்த பிறகுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பாலிசியில் இல்லை. உனக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது என்று தெரிந்தே அவருக்குக் கட்டினாய். என்னிடம் வந்தபோது மட்டும் மிச்சம் ஆகும் என்று ஒரு காகிதத்தோடு வந்தாய். அவரிடம் சுமதியை விட்டு, கேள்விக்கே இடமில்லாமல் கையெழுத்து வாங்கினாய், என்னிடம் மட்டும் லாபம் காட்டினாய். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

உன் மேல் கோபம் வரட்டும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். வந்தது அந்த ஸ்வெட்டர் ஞாபகம்தான். சம்பந்தி போட்டிருக்கிறதல்ல, அதற்கு முந்தினது. நீ முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு ஒன்று வாங்கிவந்தாயே, சாம்பல் நிறம், வி கழுத்து. நான் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. விலை என்ன என்றேன். சொன்னாய். "நாற்பது ரூபாய் ஏமாத்திட்டான். இதையே இங்க சந்தே பேட்டையில குறைச்சு வாங்கலாம். இதுல நமக்கு என்ன மிச்சம்?" என்றேன். அடுத்த வாரம் நீ அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பணத்தை என் மேஜையில் வைத்தாய். நான் எண்ணி வாங்கி உள்ளே போட்டேன். கெட்டிக்காரப் பிள்ளை, வியாபாரம் கற்றுக்கொண்டான் என்று அன்றைக்கு உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். நீ ஆறாம் வகுப்பில் அவளுக்குக் கண்ணாடி வளையல் வாங்கிவந்தபோதும் நான் கேட்டது அதே கேள்விதான் என்று இப்போது ஞாபகப்படுத்துகிறாள். என்ன மிச்சம், என்ன மிச்சம் என்று இருபது வருஷம் கேட்ட ஒருவனிடம், மிச்சம் இல்லாமல் ஒரு பொருளை எப்படிக் கொண்டுவந்து வைப்பாய்? என்னோடு பேச நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாஷையில்தான் நீ ஜனவரியில் பேசினாய். நான்தான் கத்தினேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டதால் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. பாதி இருக்கிறது. நேற்றுகூடச் சம்பந்தியை அந்த அரக்கு ஸ்வெட்டரில் சயாஜி ராவ் ரோட்டில் பார்த்தேன். மார்ச் மாத வெயிலில் எதற்கு ஸ்வெட்டர், அந்த ஆளுக்கு? எனக்குக் காட்டத்தானே? அவர் சைக்கிளிலிருந்தே கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

இனி வியாபாரம் பேசுவோம். ஆடிட்டரிடம் மறுபடி போனேன். அவர் சொன்னது: "உங்க செக்குல நீங்களே கட்டுங்க சார், உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும். உங்க வருமானத்துல விலக்கு கிடைக்கும். அதுதான் லாபம்." சரியான யோசனை. நம் தொழிலில் எவனும் அதைத்தான் செய்வான், நீ கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவேன். ஆனால் நான் அதைச் செய்யப்போவதில்லை. எனக்கு உன் செக் வேண்டும். உன்னைச் சார்ந்திருக்கிறேன் என்று எழுதித் தரவும் மாட்டேன். ஆக, உனக்கும் விலக்கு இல்லை, எனக்கும் இல்லை. ஆடிட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதுல யாருக்கு சார் மிச்சம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை முதல் தடவையாக நான் கேட்கிற பக்கம் இல்லாமல் பதில் சொல்கிற பக்கம் நின்றேன்.

ஏஜெண்ட் அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறார். ஆட்டோ முதலில் இங்கே வரட்டும், பிறகு சரஸ்வதிபுரம். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, அதைப் பாரத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன், அதற்குக் கம்பெனி பணம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. சம்பந்தியிடம் ஆளுக்கு ஒரு லட்சம் என்று நான் சொன்ன பொய்யில் பாதியையாவது உண்மையாக்க வேண்டும். அதனால் உன் அம்மாவுக்கு ஒரு லட்சம், நான் நிறுத்தின பாலிசிக்கு நஷ்ட ஈடு என்று வைத்துக்கொள். எனக்கு ஐம்பதாயிரம், அவருக்கு என்னவோ அதே, ஒரு ரூபாய் குறையக்கூடாது.

இருவருக்கும் சேர்த்து வருஷப் பிரீமியம் மூவாயிரத்து நானூற்று எண்பது ரூபாய். உன் செக். வரிக் கணக்கில் காட்டக்கூடாது. பணத்தை நான் திருப்பித் தர மாட்டேன்.